ஆயிரம் என்றார் வெங்கடாசலம்

அத்தியாயம் 11

வெங்கடாசலம் வாய் திறந்து ஒரு வார்த்தை சொல்லிவிட்டால் அதற்குப் பிறகு அவரே நினைத்தாலும் மாற்ற முடியாது. திருச்செங்கோட்டில் போர்வெல் துளைக்கும் ரிக் லாரி வைத்திருப்பவர்களிடையே இந்த விஷயத்தில் அவருக்கு நல்ல பேர். வெளியில் நல்ல பேர்தான். வீட்டுக்குள் அது எவ்வளவு பெரிய இம்சை என்று அவர் மனைவி மஞ்சுளாவைக் கேட்டால் சொல்லுவாள். இருபத்திரண்டு வருஷமாக அனுபவிக்கிறவள் ஆயிற்றே.

போன ஞாயிற்றுக்கிழமை மத்தியானம் சாப்பாட்டுத் தட்டுக்கு முன்னால் உட்கார்ந்து, மகள் கனிஷ்காவிடம் அப்படி ஒரு வார்த்தையைத்தான் விட்டார். இன்று புதன்கிழமை. சாயங்காலம் ஐந்து மணிக்குள் அது ஒரு பக்கம் முடிந்தாக வேண்டும்.

கனிஷ்கா இன்ஜினியரிங் மூன்றாம் வருஷம், மெக்கானிக்கல். படிப்புக்கென்று வாங்கிக் கொடுத்த லேப்டாப்பில் இரண்டு வருஷமாக அவள் ஆடுவது ஒரு ராக்கெட் விளையாட்டு. சுடுவது, துரத்துவது எல்லாம் அதில் இல்லை. திரையில் ஒரு பெரிய கொட்டகை இருக்கும். இன்ஜின், டேங்க், இறக்கை, சக்கரம் என்று சாமான்கள் அடுக்கியிருக்கும். நாமே எடுத்து, நாமே பூட்டி, ராக்கெட்டோ விமானமோ கட்டிப் பறக்கவிட வேண்டும். சரியாகக் கட்டாவிட்டால் பொட்டென்று வெடித்துப் போகும்.

முதல் மாதம் முழுக்க விமானம்தான் கட்டினாள். சக்கரத்தை ரொம்பவும் பின்னால் வைத்துவிட்டாள் போல. மூக்கு மேலே எழும்பாமல், ஓடுபாதை முடிந்ததும் நேராகக் கடலுக்குள் போனது. பதினேழு விமானம் கடலுக்குப் போன பிறகு பதினெட்டாவது எழும்பியது. அன்றைக்கு மஞ்சுளா கேசரி கிண்டினாள். மற்ற வீடுகளில் ஏழு மணிக்கு சீரியல் ஓடும். இந்த வீட்டில் அம்மாவும் மகளும் உட்கார்ந்து ராக்கெட் விட்டார்கள். அதில் போகிற குட்டி விண்வெளிக்காரிக்கு மகள் வைத்திருந்த பேர் 'மஞ்சு'. பெரிய தொப்பிக்குள் பேந்தப் பேந்த முழிக்கும் அந்தப் பொம்மையைப் பார்த்து, "பழனியத் தாண்டிப் போகாதவ நானு. எம்பட பேரு நெலாவுக்குப் போயிட்டு வருது" என்று மஞ்சுளா சிரிப்பாள்.

அந்த விளையாட்டுதான் இப்போது வினையாக வந்து நிற்கிறது. கல்லூரிகளுக்கு நடுவில் நடந்த ஒரு போட்டியில் கனிஷ்காவும் தோழி மதுமதியும் நிலாவில் ராக்கெட்டை இறக்கிக் காட்டினார்கள். பெங்களூரில் சின்னச் சின்ன செயற்கைக்கோள் செய்கிற ஒரு கம்பெனி அதைப் பார்த்துவிட்டு, ஆறு மாதப் பயிற்சிக்கு இரண்டு பேரையும் அழைத்தது. மதுமதி அன்றைக்கே சம்மதம் சொல்லிவிட்டாள். கனிஷ்கா புதன்கிழமை ஐந்து மணிக்குள் சொல்ல வேண்டும்.

"பொம்மை ராக்கெட் உட்டவள எவனாச்சும் வேலைக்குக் கூப்புடுவானா? அதும் பெங்களூருக்கு, தனியா!" என்றார் வெங்கடாசலம். வாக்குவாதம் நீண்டது. ரசம் ஆறிப்போனது. கடைசியில் அவர் கையை உதறிக்கொண்டு எழுந்தார்.

"சரி. எம்பட கண்ணு முன்னால அந்த நெலாவுல எறக்கிக் காட்டு. ஒரே தடவ. உளுந்தா பழையபடி மொதல்ல இருந்து வாரேன்னு அந்தப் பொத்தான அமுக்கற சோலியெல்லாம் கெடையாது. போர் போடறவனுக்கு அப்புடி ஒரு பொத்தான் இருக்குதா? எறங்குச்சுன்னா போயிட்டு வா. இல்லீனா இந்தப் பேச்சையே எடுக்கப்படாது."

"சரிங்ப்பா" என்றாள் கனிஷ்கா. அப்பனுக்குத் தப்பாத மகள்.

இதில் மஞ்சுளா யார் பக்கம்? அவளுக்கே தெரியவில்லை. வெங்கடாசலம் வருஷத்தில் வீட்டில் இருப்பது மொத்தமாக இரண்டு மாதம்தான். மற்ற நாளெல்லாம் மத்தியப்பிரதேசம், சத்தீஸ்கர், ஒடிசா என்று ரிக்கோடு போய்விடுவார். இப்போதுகூட ஒரு பங்காளி வீட்டுக் கல்யாணத்துக்காகப் பத்து நாள் வந்திருக்கிறார். மகளும் கிளம்பிவிட்டால் இந்த வீட்டில் குக்கர் விசில் அடித்தால் கேட்பதற்குக்கூட இன்னொரு காது இருக்காது. மகள் ஜெயிக்க வேண்டும் என்று காலையில் விளக்கு வைத்தவள், எதற்கும் இருக்கட்டும் என்று பெங்களூர் என்ற பேரை மட்டும் சாமியிடம் சொல்லாமல் விட்டிருந்தாள்.

*

காலை பத்து மணிக்கு வெங்கடாசலம் இரண்டு காதிலும் இரண்டு போனை வைத்துக்கொண்டு ஹாலில் நடந்துகொண்டிருந்தார். இது அந்த வீட்டில் தினப்படிக் காட்சி.

ரிக் சத்தீஸ்கரில் நிற்கிறது. அரசாங்கக் கைப்பம்பு வேலை. வலது காதில் அந்த ஊர் ஓவர்சியர். அவர் பேசுவது இந்தி, சொல்லுவது மீட்டர். இடது காதில் டிரில்லர் நாச்சிமுத்து. பதினைந்து வருஷமாக இவரோடு இருக்கிற ஆள், அவனுக்கு அடிக்கணக்கைத் தவிர வேறு எதுவும் மண்டையில் ஏறாது.

"நப்பே மீட்டர்? டீக் ஹை, டீக் ஹை" என்று ஓவர்சியர் சொன்ன தொண்ணூறு மீட்டருக்கு வலப்பக்கம் சரி சொன்னார். மூச்சு விடுவதற்குள் இடப்பக்கம், "நாச்சிமுத்து, முன்னூறு அடி. ராடு எண்ணிக்க" என்றார்.

நடுவில் யோசிக்கவே இல்லை. அந்தக் காதில் மீட்டராகப் போவது இந்த வாயில் அடியாக வரும். கல்யாணத்துக்குத் துணி எடுக்க ஈரோடு போயிருந்தபோது, கடைக்காரர் சட்டைக்கு "ஒண்ணரை மீட்டர் போதுங்களா?" என்று கேட்டதற்கு, "அஞ்சடி பத்தாது, ஆறடி போடுங்க" என்று இவர் சொல்ல, அந்த மனிதர் கத்தரிக்கோலைக் கையில் வைத்துக்கொண்டு விழித்தார். மஞ்சுளா திரும்பி வருகிற பஸ் முழுக்கச் சிரித்துக்கொண்டே வந்தாள்.

இடையில் ஒரு விவசாயிக்குப் போட்ட குழியைப் பற்றி நாச்சிமுத்து இன்னும் ஏதோ சொன்னான். வெங்கடாசலத்தின் முகம் சுருங்கியது.

"தொளைக்கற ராடு குழிக்குள்ள உளுந்துருச்சா? எத்தன அடியில?... சரி, தப்பு ஆருது?"

"நம்மளுதுதாங்ணா. சரியா முறுக்கல" என்று போனுக்கு வெளியேயும் கேட்கிற மாதிரி நாச்சிமுத்துவின் குரல் கரகரத்தது. "அந்த விவசாயி சண்டைக்கு நிக்கறாருங்க."

"நிக்காம? தப்பு நம்மளுதுன்னா அப்பறம் என்ன பேச்சு? நாலடி தள்ளி இன்னொரு குழி போட்டுக் குடுத்துட்டு வண்டிய எடு. தண்ணி வரலீனா அது அவங்க நேரம். குழி கெட்டா அது நம்ம தப்பு. இத நான் இன்னும் எத்தன தடவடா சொல்லறது?"

போனை வைத்துவிட்டுத் திரும்பியவர், கதவோரம் நின்ற மகளைப் பார்த்தார். "என்ன அம்மிணி, ராக்கெட் ரெடியா?"

"மூணு மணிக்குங்ப்பா. மதுமதி வந்துருவா" என்றாள் கனிஷ்கா.

மதுமதி வரவில்லை. இரண்டு மணிக்கு வெண்ணந்தூரிலிருந்து அவள் அம்மா போன் செய்தார். காலையிலிருந்து நூற்றி மூன்று டிகிரி காய்ச்சல், எழுந்து உட்காரவே முடியவில்லையாம்.

கனிஷ்காவின் முகம் தொங்கிப்போனது. மஞ்சுளாவுக்குக் காரணம் தெரியும். இறக்குவதற்கு இரண்டு பேர் வேண்டும். ராக்கெட் கவிழாமல் பிடிக்கிறவள் திரையின் கீழே சுற்றுகிற ஒரு உருண்டையை விட்டுக் கண்ணை எடுக்கக் கூடாது. பக்கத்தில் இருக்கிறவள் உயரத்தைப் படித்துச் சொல்லிக்கொண்டே வர வேண்டும். மதுமதி படிப்பாள், கனிஷ்கா பிடிப்பாள். அப்படித்தான் பழக்கம்.

"நாளைக்கு வெச்சுக்கலாம்னா அஞ்சு மணிக் கெடு போயிரும்" என்று தனக்குத்தானே சொல்லிக்கொண்டவள், "அம்மா, நீ படிக்கறயா?" என்று கேட்டாள்.

மஞ்சுளா பதில் சொல்வதற்குள் வெங்கடாசலம் நாற்காலியை இழுத்துப் போட்டுக்கொண்டார். "நான் படிக்கறேன். அப்பத்தான் ஏமாத்து இல்லாம இருக்கும்."

*

மூன்று மணிக்கு லேப்டாப்பை டீப்பாய்மேல் வைத்தார்கள். கனிஷ்கா நடுவில், வெங்கடாசலம் அவள் வலப்பக்கம். மஞ்சுளா பின்னால் கட்டிலில் உட்கார்ந்து பூண்டு உரித்துக்கொண்டிருந்தாள். கை சும்மா இருந்தால் அவளுக்கு ஆகாது.

"ஒரு கற்பூரம் காட்டீரலாமா?" என்றார் வெங்கடாசலம் திடீரென்று.

"லேப்டாப்புக்கா?" என்று கனிஷ்கா சிரித்துவிட்டாள்.

"எந்த ரிக்குல பூசை போடாம மொத ராட எறக்கறாங்க? மஞ்சு, எடுத்துட்டு வா."

மஞ்சுளா காட்டினாள். தட்டைத் தொட்டுக் கும்பிட்டார் மனுஷன். மகள் தோற்க வேண்டும் என்று நினைக்கிறவர் இப்படிக் கும்பிடுவாரா என்று அவளுக்குத் தோன்றியது. ஜெயிக்க வேண்டும் என்று நினைக்கிறவர் ஞாயிற்றுக்கிழமை அப்படிப் பேசுவாரா என்றும் தோன்றியது.

ராக்கெட் கிளம்பியது. அடியில் இருந்த பெரிய டேங்க் எரிந்து முடிந்ததும் கழன்று விழுந்தது. வெங்கடாசலம் பதறிப்போனார்.

"ஏ, ஏ, என்னமோ களண்டு உளுகுது பாரு!"

"அது உளுகோணுங்ப்பா. காலி டேங்க். கூடவே தூக்கிட்டுப் போனா வீண் சொமைதான?"

"உளுந்தத ஆராச்சும் எடுத்துக்குவாங்களா?"

"கடல்ல போயிரும்."

"நல்ல சாமானு" என்று வருத்தப்பட்டார்.

நிலாவுக்குப் போக விளையாட்டில் சில நாள் ஆகும். கனிஷ்கா ஒரு பொத்தானை அமுக்கினாள். நாட்கள் நிமிஷமாக ஓடின. "நம்ம ரிக்குக்கும் இப்புடி ஒரு பொத்தான் இருந்தா எத்தன நல்லாருக்கும்" என்றார் அவர். சாம்பல் நிறத்தில் நிலா பெரிதாகிக்கொண்டே வந்தது. மூலையில் 'மஞ்சு' வழக்கம்போல் முழித்துக்கொண்டிருந்தாள்.

"இப்பக் கேட்டுக்கங்ப்பா" என்றாள் கனிஷ்கா. குரலில் சிரிப்புப் போயிருந்தது. "ஒசரம் இந்தா, இந்த மூலையில ஓடும். பத்தாயிரத்துல இருந்து சொல்லிட்டே வாங்க. ஆயிரம்னு நீங்க சொன்னதும் நான் முழு இன்ஜினையும் போட்ருவேன். முந்திப் போட்டா எண்ணெய் தீந்துரும். பிந்திப் போட்டா தரையில மோதிரும். நான் அங்க பாக்கவே மாட்டேன். உங்க வாயத்தான் நம்பியிருக்கறேன்."

"நீ உம்பட வேலையப் பாரு. நம்பர் படிக்கறதுக்கு எனக்குச் சொல்லித்தரோணுமா?" என்று கண்ணாடியை எடுத்து மாட்டிக்கொண்டு குனிந்தார்.

ராக்கெட் கீழே விழ ஆரம்பித்தது. எண்கள் கடகடவென்று குறைந்தன. அறையில் மின்விசிறிச் சத்தம் மட்டும்தான்.

"இன்னும் ஆகலீங்களாப்பா?"

"பொறு அம்மிணி. இன்னும் இருக்குது... ம். பத்தாயிரம்."

மஞ்சுளா நிமிர்ந்து பார்த்தாள். தூரத்திலிருந்து அந்த மூலையில் மூவாயிரம் போலத் தெரிந்தது. பூண்டு உரித்த கையால் கண்ணைக் கசக்கியதில் எரிந்து தொலைத்தது. தன் கண்தான் சரியில்லை என்று நினைத்துக்கொண்டாள்.

"அஞ்சாயிரம்."

கனிஷ்கா உருண்டையை விட்டுக் கண்ணை எடுக்கவில்லை. அவள் கழுத்தில் வியர்வை இறங்கியது.

"மூவாயிரம்... ரெண்டாயிரம்."

"சரிங்ப்பா."

மஞ்சுளா எழுந்து மகளுக்குப் பின்னால் வந்து நின்றாள். இப்போது நன்றாகத் தெரிந்தது. நானூறு. முன்னூற்றைம்பது.

"ஆயிரம்!" என்றார் வெங்கடாசலம்.

திரையில் இருந்தது முன்னூறு.

கனிஷ்கா அந்த விநாடியே இன்ஜினைப் போட்டாள். நெருப்பு சீறியது, தூசி கிளம்பியது. ஒரு மூச்சு விடுகிற நேரம்தான். பிறகு திரை முழுக்கத் துண்டு துண்டாகச் சிதறி, ஒரு சக்கரம்போல எதுவோ உருண்டு ஓடி நின்றது. உயிரிழந்தவர்கள் பட்டியல் என்று ஒரு பெட்டி வந்தது. அதில் ஒரே ஒரு பேர்தான் இருந்தது. மஞ்சு.

"ஆயிரம்னதும் போட்டேனே" என்றாள் கனிஷ்கா, மெதுவாக. "ஒடனே போட்டேனே. பின்ன எப்புடி..." கொஞ்ச நேரம் திரையையே பார்த்தாள். "சொமை கூடிப்போச்சாட்டம் இருக்குது. எம்பட கணக்குத்தான் தப்பு." லேப்டாப்பை மூடினாள். "ஒரே தடவைன்னு சொன்னீங்க. சரிங்ப்பா. நான் போகல."

அழுதிருந்தால்கூடத் தேவலை. எழுந்து தன் அறைக்குப் போய்க் கதவைச் சாத்திக்கொண்டாள்.

வெங்கடாசலம் ஜெயித்தவர் மாதிரி இல்லை. கண்ணாடியைக் கழற்றி, துடைத்து, மறுபடி மாட்டி, மறுபடி கழற்றினார். "சரி, உடு" என்று யாரிடமோ சொல்லிவிட்டு வாசல் கேட்டுப் பக்கம் போய் நின்றுகொண்டார்.

*

முன்னூறு மீட்டர் என்றால் ஆயிரம் அடி. திருச்செங்கோட்டில் ரிக்காரர் வீட்டில் வாழ்க்கைப்பட்ட எந்தப் பெண்ணைத் தூக்கத்தில் எழுப்பிக் கேட்டாலும் சொல்லுவாள். மஞ்சுளாவுக்கு அந்தக் கணத்திலேயே விளங்கிவிட்டது. எண்ணுக்குப் பக்கத்தில் மீட்டர் என்று போட்டிருந்தது. மனுஷன் அடியாக்கிச் சொல்லியிருக்கிறார். மகளின் கணக்கில் ஒரு தப்பும் இல்லை.

இதை அப்போதே சொல்லியிருக்கலாம். ஒரு வாக்கியம்தான்.

ஆனால் அவளுக்கு முதலில் வந்தது கோபம் அல்ல, நிம்மதி. மறைப்பானேன், அப்பாடா என்றுதான் இருந்தது. பிள்ளை போகமாட்டாள். சாயங்காலம் ஏழு மணிக்குப் பக்கத்தில் உட்கார்ந்து எதையாவது கட்டுவாள், உடைப்பாள். குக்கர் விசிலை எண்ணுவதற்கு இன்னொரு காது இருக்கும். தான் எதுவும் செய்யவில்லையே, நடந்தது நடந்துவிட்டது, வாயை மூடிக்கொண்டு இருந்தால் போதும்.

இருந்தாள். பூண்டுத் தோலைக் கூட்டி அள்ளினாள். ஏற்கெனவே கழுவிய பாத்திரத்தை இன்னொரு தடவை கழுவினாள். ஜன்னல் வழியாகப் பார்த்தால் வெங்கடாசலம் கேட்டைப் பிடித்துக்கொண்டு மலையைப் பார்த்து நின்றார். தெரிந்தே செய்தாரா? நான்தான் படிப்பேன் என்று அவராகத்தானே நாற்காலியை இழுத்துப் போட்டார்? கற்பூரம் காட்டச் சொன்ன மனுஷன் அப்படிச் செய்வாரா? மாற்றி மாற்றி யோசித்ததில் நேரம் போனதே தெரியவில்லை. கடிகாரம் நாலு அடித்தது.

டீ போட்டு எடுத்துக்கொண்டு மகளின் அறைக்குப் போனாள். கனிஷ்கா கட்டிலில் சம்மணம் போட்டு உட்கார்ந்திருந்தாள். கண் சிவந்திருந்தது. ஆனால் அம்மாவைப் பார்த்ததும் சிரித்தாள்.

"மெயில் போட்டுட்டேம்மா. வரலைன்னு."

மஞ்சுளாவுக்கு டம்ளர் கையில் சுட்டது. "எப்ப?"

"மூணு அம்பதுக்கு. எதுக்கு இழுத்துட்டு? அப்பா சொன்னா சொன்னதுதான?" டம்ளரை வாங்கிக்கொண்டாள். "நீ ஒண்ணும் மூஞ்சியத் தொங்கப் போட்டுக்காத. ஒண்ணு சொல்லட்டா? உன்னய இந்த ஊட்டுல ஒத்தையா உட்டுட்டுப் போறது எனக்கும் மனசே இல்ல. நாலு நாளா அதத்தான் நெனச்சிட்டிருந்தேன். இப்ப அந்தக் கவலை இல்ல பாரு."

மஞ்சுளாவால் அங்கே நிற்க முடியவில்லை. மகளைப் பிரியக் கூடாது என்று இவள் வாயை மூடிக்கொண்டு இருந்தாள்; மகளோ அம்மாவை நினைத்துக்கொண்டு இருந்திருக்கிறாள். வெட்கம் பிடுங்கித் தின்றது. செருப்பைக்கூடப் போடாமல் கேட்டுக்குப் போனாள்.

"ஏனுங்க."

வெங்கடாசலம் திரும்பினார்.

"நீங்க அடியில படிச்சீங்க."

"என்ன அடி?"

"தெரையில முன்னூறு இருந்துது. நீங்க ஆயிரம்னீங்க. மூவாயிரம் இருந்தப்ப பத்தாயிரம்னீங்க. அது மீட்டருங்க. நாச்சிமுத்துக்குச் சொல்லறாப்பல மாத்திச் சொல்லிட்டீங்க."

அவர் ஏதோ மறுத்துச் சொல்ல வாயெடுத்தார். வாய் பாதியில் நின்றது. உதடு மட்டும் அசைந்தது. முன்னூறு மீட்டர், ஆயிரம் அடி. தொண்ணூறு மீட்டர், முன்னூறு அடி. கேட்டைப் பிடித்திருந்த கை நழுவியது.

"தெரிஞ்சு சொன்னீங்களா?" என்று கேட்டாள். இதைக் கேட்காமல் அவளால் இருக்க முடியாது.

"மஞ்சு!" அவர் முகத்தைப் பார்த்ததும் கேட்டது தப்பு என்று அவளுக்குத் தெரிந்துவிட்டது. "சத்தியமாத் தெரியாது. வாயி அதுவாச் சொல்லியிருக்குது. புள்ள உளுந்தத நின்னு பாத்துட்டு, போகாம இருந்தாச் சரின்னு... ஆமா, அத நெனச்சேன். இல்லீங்கல. ஆனா வேணும்னு செய்யல."

"அது எனக்குத் தெரியுது." மஞ்சுளா குரலைத் தாழ்த்தவில்லை. "குழி கெட்டா தப்பு ஆருதுங்க?"

வெங்கடாசலம் அவளைப் பார்த்தார். இருபத்திரண்டு வருஷத்தில் அவருடைய சட்டத்தை அவருக்கே அவள் எடுத்துச் சொன்னது இதுதான் முதல் தடவை.

"நம்மளுது" என்றார்.

விறுவிறுவென்று உள்ளே போனார். மகளின் அறைக் கதவைத் தட்டிவிட்டு, திறப்பதற்குள் வெளியில் நின்றே பேசினார். "அம்மிணி, நீ உளுகல. நாந்தான் உன்னயத் தள்ளி உட்டுட்டேன். அடியில படிச்சுப்போட்டேன் சாமி. ஆயிரம்னு நாஞ்சொன்னது முன்னூறு மீட்டரு."

கதவு திறந்தது. கனிஷ்கா அவரையே பார்த்தாள். கண்ணுக்குள் கணக்கு ஓடியது தெரிந்தது. "முன்னூறுலயா போட்டேன்? முன்னூறுல போட்டா எந்த ராக்கெட்டும் நிக்காதுங்ப்பா!" சிரிப்பா அழுகையா என்று தெரியாத ஒரு சத்தம் அவளிடமிருந்து வந்தது. "அப்ப எம்பட கணக்கு சரி!"

"சரி. அந்த ஒரு தடவ செல்லாது. கெடுத்தவன் நானு. எத்தன தடவ வேணும்னாலும் பக்கத்துல இன்னொரு குழி போட்டுக்க. நான் கிட்டத்துலயே வரல."

"மெயில் போயிருச்சுங்ப்பா. வரலைன்னு எழுதிட்டேன்."

வெங்கடாசலம் கடிகாரத்தைப் பார்த்தார். நாலு இருபத்தைந்து. "அஞ்சு ஆகறதுக்கு இன்னும் நேரம் கெடக்குது. குழி அப்பறம் போட்டுக்கலாம். மொதல்ல அந்தப் பார்ட்டி கையவுட்டுப் போகாமப் பாக்கோணும். நம்பர் குடு. அங்க பேசறது ஹிந்தியா, கன்னடமா?"

"பயிற்சியப் பாத்துக்கறது ஷாஹீன் மேடம்ங்ப்பா. சேலம் ஃபேர்லேண்ட்ஸ்காரங்க. தமிழ்லயே பேசலாம். ஆனா அவங்க காத்திருப்புப் பட்டியல் ஒண்ணு வெச்சிருப்பாங்க. எம்பட எடத்த இந்நேரம் வேற ஆருக்காச்சும்..."

"நீ நம்பரச் சொல்லு."

சொன்னாள். மூன்று மாநிலத்து ஓவர்சியர்களை இரண்டு போனில் சமாளித்தவர், பத்து எண்ணை அமுக்குவதற்குள் இரண்டு தடவை தப்பாகப் போட்டார். மூன்றாவது தடவை மணி அடித்தது. யாரோ எடுத்து, பொறுங்கள் என்று சொல்லி, ஒரு பாட்டைப் போட்டுவிட்டுப் போனார்கள். அவர் போனைக் காதோடு அழுத்திக்கொண்டு ஹாலுக்கு நடுவில் நின்றார்.

கனிஷ்கா அம்மாவின் பக்கம் திரும்பினாள். முகத்தில் கோபம் இல்லை. கணக்கில் விட்டுப்போன ஒரு வரியைத் தேடுகிற முகம்.

"அப்பாவுக்கே தெரியல. நீதான் சொல்லியிருக்கற. உனக்கு எப்பம்மா தெரியும்?"

இப்போதுதான், டீ போடும்போது, யோசிச்சுப் பார்த்தேன் என்று மஞ்சுளா எது வேண்டுமானாலும் சொல்லியிருக்கலாம். யாரும் போய்ச் சரிபார்க்கப் போவதில்லை.

"உளுந்தப்பவே தெரியும் சாமி" என்றாள்.

கனிஷ்கா சுவரில் இருந்த கடிகாரத்தைப் பார்த்தாள். பிறகு அம்மாவைப் பார்த்தாள். ராக்கெட் விழுந்த மூன்று மணி இருபது நிமிஷத்திலிருந்து மெயில் போன மூன்று மணி ஐம்பது நிமிஷம் வரைக்கும் எவ்வளவு நேரம் என்பது கணக்குத் தெரிந்த பிள்ளைக்குச் சொல்லித்தர வேண்டியதில்லை.

போனில் பாட்டு நின்றது. "சொல்லுங்க சார்" என்று ஒரு பெண்குரல் கேட்டது. வெங்கடாசலம் நிமிர்ந்து நின்றார்.

"வணக்கமுங்க. திருச்செங்கோட்டுல இருந்து கனிஷ்காவோட அப்பா பேசறேன். எம்பட புள்ள ஒரு மெயில் போட்டிருக்குதுங்க. அதுல தப்பு நடந்துபோச்சுங்க. தப்பு புள்ளயோடது இல்ல. எங்களுதுங்க."